பெஞ்சில் யார் இருக்கிறார்கள்?

என்.பி.ஏ. கூடைப்பந்து ஆட்டம் 48 நிமிடம். களத்தில் எப்போதும் ஐந்து பேர். ஆக, ஓர் அணி ஒவ்வோர் ஆட்டத்திலும் 240 நிமிட உழைப்பைப் பங்குபோட வேண்டும். முதல் ஐவரும் ஆளுக்கு 34 நிமிடம் ஆடினால் 170 ஆகிறது. மீதி 70 நிமிடம் பெஞ்சின் பொறுப்பு. இப்படி ஒரு சீசனில் 82 ஆட்டங்கள்.

அணியில் 15 முழு ஒப்பந்த வீரர்கள் இருக்கலாம். ஆனால் வழக்கமாகக் களமிறங்குபவர்கள் ஒன்பது, பத்துப் பேர்தான். எனவே சீசனுக்கு முன் அணியின் பலத்தை எடைபோடத் தலையை எண்ணினால் போதாது. மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: ஒருவர் விழுந்தால் அந்த இடத்தில் யார்? 2024-25 சீசனில் ஓக்லஹோமா சிட்டி தண்டரின் உயரமான சென்டர் செட் ஹோல்ம்கிரனுக்கு நவம்பரில் இடுப்பெலும்பு முறிந்தது. இன்னொரு சென்டர் ஹார்ட்டன்ஸ்டைனோ கை முறிவால் ஏற்கெனவே வெளியே இருந்தார். சில ஆட்டங்களில் ஆறரை அடிகூட இல்லாத ஜேலன் வில்லியம்ஸே சென்டராக இறங்கினார். ஆனாலும் அந்த அணி 68 ஆட்டங்களை வென்று, கோப்பையையும் தூக்கியது.

இரண்டாவது: நட்சத்திரம் ஓய்வெடுக்கும்போது என்ன நடக்கிறது? 2023இல் பட்டம் வென்ற டென்வர், அதே கோடையில் புரூஸ் பிரவுனையும் ஜெஃப் கிரீனையும் இழந்தது. அதன் நட்சத்திரம் நிகோலா யோகிச் உட்கார்ந்தாலே அணி தடுமாறும் என்ற பேச்சு அதன்பின் ஓயவில்லை. 2025 கோடையில் பிரவுனைத் திரும்ப அழைத்து, மாற்று சென்டராக யோனாஸ் வலன்சியூனஸையும் சேர்த்ததற்குக் காரணம் அதுவே.

மூன்றாவது, பணம். சம்பளச் செலவு ‘இரண்டாம் ஏப்ரன்’ எனும் வரம்பைத் தாண்டினால், குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வருபவர்களைத் தவிர வெளியிலிருந்து ஆள் எடுப்பது கடினம். டுரான்ட், புக்கர், பீல் என்று மூன்று பெரிய சம்பளங்களைச் சுமந்து அந்த வரம்பைத் தாண்டிய ஃபீனிக்ஸ், 2024-25இல் 36 வெற்றி, 46 தோல்வியுடன் பிளேஆஃப் வாசலைக்கூடத் தொடவில்லை.

பெஞ்சின் மதிப்பை 2025 இறுதித் தொடர் காட்டியது. அதன் மூன்றாம் ஆட்டத்தில் இண்டியானாவின் பெஞ்ச் 49 புள்ளி எடுத்தது. தண்டரின் பெஞ்ச் 18. இண்டியானாவின் மாற்று வீரர் மதுரின் மட்டும் 27. இண்டியானா வென்றது. அதே தொடரின் ஏழாம் ஆட்டத்தில் இண்டியானாவின் நட்சத்திரம் ஹாலிபர்ட்டன் முதல் கால்பகுதியிலேயே காயத்தோடு வெளியேறினார். பெஞ்சின் துணையோடு இடைவேளைவரை ஒரு புள்ளி முன்னிலை தாக்குப்பிடித்தது; அதன்பின் கோப்பை கைநழுவியது. பெஞ்ச் நட்சத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் அது இல்லாமல் ஏழாம் ஆட்டம்வரை வந்திருக்கவும் முடியாது.

புதிய சீசனின் அணிப் பட்டியல் கைக்கு வந்ததும், நட்சத்திரத்தின் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள். அணியின் ஆழம் அங்கேதான் தெரியும்.