வலியில்லாத விதைக்கட்டி

காரைக்கால் கரையில் ஆண்மகனுக்கு விதைப்பை வீங்கினால், அதை ‘ஓதம்’ என்று சொல்லி, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வயலுக்கோ தோணிக்கோ போய்விடுவது பழைய வழக்கம். அதற்குக் காரணமும் இருந்தது. யானைக்கால் வியாதியை விளைக்கும் புழு, சாக்கடையிற் பெருகும் கொசுவினால் பரவி, காலைப்போலவே விதைப்பையையும் தாக்கி நீர் தேங்கச் செய்யும். அந்நீர் பெரும்பாலும் பல வருஷங்களிற் சிறுகச் சிறுகச் சேர்வது, சத்திரசிகிச்சையால் தீர்வது.

ஆயினும் வீங்கியதெல்லாம் நீரன்று. ஏறக்குறைய 15 வயது முதல் 40 வயதுவரையுள்ள வாலிபர்க்கு விதையிலேயே புற்றுநோய் தோன்றுவதுண்டு. இந்தியாவில் இது அரிது. அரிதாகையால் எவரும் அதை நினைப்பதில்லை. பட்டாணியளவான கெட்டியான முடிச்சு, ஒரு விதை மட்டும் பெருத்தல், அடிவயிற்றிற் பாரம் ஆகியவை அதன் குறிகள். பெரும்பாலும் வலியிராது. நோகும் கட்டிக்கு மறுநாளே மருந்து தேடுவோர், நோகாத கட்டியை அறுவடை முடியட்டும் என்று ஒதுக்கிவிடுகின்றனர்; அபாயம் இங்கேதான். குழந்தைப் பருவத்தில் விதை கீழிறங்காதிருந்தவர் பின்னும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

வைத்தியர் முதலிற் கையாற் சோதிப்பார். பின் இருட்டறையில் விதைப்பையின் பின்புறம் டார்ச் விளக்கை வைத்துப் பார்ப்பார். தெளிந்த நீராயின் செந்நிறமாய் ஒளி ஊடுருவும். கெட்டியான கட்டியாயின் இருண்டிருக்கும். ஆனால் கட்டியைச் சூழ்ந்தும் நீர் கோத்திருக்கக்கூடும். ஆகையால் ஒளி தெரிந்த மாத்திரத்தில் திருப்தியடையாமல், அல்ட்ராசவுண்ட் படம் எடுத்தாக வேண்டும். இதில் ஊசியோ வலியோ இல்லை. கிருமியால் வந்த வீக்கமென்று மருந்து கொடுக்கப்பட்டு, இரண்டு வாரத்திற் கரையாவிடினும் இப்படத்தைக் கேட்டுப் பெறுவதே முறை.

படத்திற் கட்டி தெரிந்தால், ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன், பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்னும் மூன்றையும் இரத்தத்தில் அளப்பர். அவை சரியாயிருப்பினும் நோயில்லை என்று தீர்மானிக்க இயலாது. விதைப்பை வழியாக ஊசி குத்திச் சதை எடுப்பதோ நீர் இறைப்பதோ தகாது. அதனால் நோயணுக்கள் சிதறக்கூடும். தொடையிடுக்கின் வழியே விதையை முழுதும் அகற்றிப் பரிசோதிப்பதே முறை.

(திடீரென்று கடும் வலியோடு வீங்கினால் அது வேறு சங்கதி. விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம், 6 மணி நேரத்துக்குள் சிகிச்சை வேண்டும்.)

முதற்சோதனைக்குக் காரைக்கால் அரசாங்கப் பொது மருத்துவமனை இருக்கிறது. மேற்சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மர் ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தூரம்.

1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இந்தியானா சர்வகலாசாலையில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்னும் வைத்தியர் ‘சிஸ்பிளாட்டின்’ மருந்தை வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியபின், நுரையீரல்வரை பரவிய நோயும் பலருக்குக் குணமாகியது. ஆரம்பத்திலேயே வருவோரில் 100க்கு 95 பேருக்கு மேல் பிழைக்கின்றனர்.

பெரும்பாலோர் வாய்திறவாததற்குக் காரணம் கலியாணம் பற்றிய அச்சமே. மற்றொரு விதை நன்றாயிருப்பின் இல்லறத்துக்கும் சந்தானத்துக்கும் பொதுவாக அதுவே போதும். மருந்துச் சிகிச்சைக்குமுன் விந்தைக் குளிரிற் சேமித்துவைக்கும் வசதியும் உண்டு; அதை வைத்தியரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.