கொத்துச் சத்தமும் ஸ்பீக்கர் சத்தமும்

மதுரையில் இருட்டிய பிறகு பரோட்டாக் கடைக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டாம். கல்லில் மாஸ்டர் கொத்துப் போடும் சத்தம் அடுத்த தெருவுக்கே வந்து கூப்பிடும். கூர்ந்து கேட்டால் அதில் வேலைக்கான தட்டு கொஞ்சம், ஆளைக் கூப்பிடும் தட்டு கொஞ்சம். பரோட்டா பொடிந்த பிறகும் வெறுங்கல்லில் நாலு தட்டு விழும். கூட்டம் குறைந்தால் அது கூடும். சத்தம் காட்டிச் சாப்பாடு விற்கும் வித்தை நமக்குப் புதிதல்ல.

அந்தக் காலத்துச் சைவ ஓட்டல்களில் இந்த வேலையைச் சர்வரின் குரல் செய்தது. “என்ன இருக்கு?” என்று கேட்டால் இட்லியில் தொடங்கி ரவா தோசை வரை ஒரே மூச்சில் ஒப்பிப்பார். பிறகு அடுப்படியைப் பார்த்து, “ரெண்டு நெய் ரோஸ்ட், ஒரு ஆனியன் ஊத்தப்பம், காபி மூணு, ஒண்ணு சர்க்கரை கம்மி!” என்று குரல் கொடுப்பார். நெய் ரோஸ்ட் என்று காதில் விழுந்ததும் பக்கத்து மேஜைக்காரர் இட்லியை மறந்து அதையே கேட்பார். வாசலில் காபிக்கொட்டை அரைக்கும் மெஷின் ஓடிய கடைக்குப் பெயர்ப்பலகையே தேவைப்படவில்லை. டீக்கடைக்கு ரேடியோ. காலை 7.15 மணி ஆகாசவாணிச் செய்திக்கு பெஞ்சு நிரம்பும். செய்தி முடிவதற்குள் எல்லோர் கையிலும் கிளாஸ் இருக்கும்.

இன்று மேஜையில் ஒட்டிய கியூஆர் கோடை செல்போனில் ஸ்கேன் செய்து வேண்டியதைத் தொட்டால், ஆர்டர் அடுப்படிப் பிரிண்டரில் சீட்டாக விழுகிறது. சர்வர் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. ரோட்டோர பிரியாணிக் கடையில் பென் டிரைவில் பதிந்த குரல் “வாங்க சார், வாங்க” என்று மதியம் பூராவும் அழைக்கிறது. அண்டா காலியான பிறகும் அழைக்கிறது. ரீல்ஸ் எடுப்பவர்கள் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் மைக்கை நீட்டி, மாவு விழும் ‘சொய்ங்’கையும் முறுகல் உடையும் சத்தத்தையும் தனியாகப் பிடிக்கிறார்கள். மணத்தை அனுப்ப வழியில்லாத செல்போனில் அந்தச் சத்தம்தான் எச்சில் ஊற வைக்கிறது. சில வீடியோக்களில் அதுவும் வேறெங்கோ எடுத்து ஒட்டியது.

காதுக்கும் நாக்குக்கும் உள்ள உறவை ஆராய்ச்சியாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டாலஸ் வட்டார உணவகம் ஒன்றில் வேகமான இசையையும் மெதுவான இசையையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார் ரொனால்ட் மில்லிமன். 1986-ல் வெளியான அவருடைய ஆய்வின்படி, வேகமான இசையின்போது சராசரியாக 45 நிமிடத்தில் எழுந்தவர்கள், மெதுவான இசையின்போது 56 நிமிடம் உட்கார்ந்தார்கள், கூடுதலாகக் குடித்தார்கள். 2004-ல் சம்பினியும் ஆக்ஸ்போர்டின் சார்லஸ் ஸ்பென்ஸும் உருளைக்கிழங்கு சிப்ஸ் கடிக்கும் சத்தத்தை ஹெட்போன் வழியே கூட்டிக் கேட்க வைத்தார்கள். அதே சிப்ஸ், இன்னும் மொறுமொறுப்பாக இருப்பதாகச் சாப்பிட்டவர்கள் சொன்னார்கள். 2007-ல் இங்கிலாந்தின் ‘ஃபேட் டக்’ உணவகத்தில் சமையல் கலைஞர் ஹெஸ்டன் புளூமென்தால் கடலுணவோடு ஒரு சங்கையும் பரிமாறினார். சங்குக்குள் ஐபாட்; இயர்போனில் அலைச் சத்தம். இதை நான் குறை சொல்ல மாட்டேன். தட்டில் இருப்பதற்கும் காதில் விழுவதற்கும் அங்கே சம்பந்தம் இருக்கிறது.

நம்மூர் ஏசி ஹால்களில் நடப்பது வேறு. நான்கு மூலையிலும் ஸ்பீக்கர், அதில் அதிரும் குத்துப்பாட்டு. தாத்தா “இன்னொரு கரண்டி சாம்பார் வேணும்” என்கிறார், பேரன் “என்னது?” என்று மூன்று தடவை கேட்கிறான். கடைசியில் அவர் கையைக் கழுவப் போய்விடுகிறார். விமானத்துக்குள் கேட்பது போன்ற பேரிரைச்சலில் இனிப்பு மங்கித் தெரிகிறது என்று கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2015-லேயே காட்டிவிட்டார்கள். அவ்வளவு இரைச்சலில் பரிமாறினால், பார்த்துப் பார்த்துக் காய்ச்சிய பால் பாயசத்துக்கும் அதே கதிதான்.

ஓட்டல் நடத்துபவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். கூட்ட நேரத்தில் நடு மேஜையில் உட்கார்ந்து, எதிரில் இருப்பவரிடம் சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். அவருக்குக் கேட்கவில்லை என்றால் ஸ்பீக்கரைக் குறையுங்கள். முடிந்தால் அடுப்படிச் சுவரில் ஒரு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். தோசை வார்க்கும் சத்தமும் நெய் மணமும் ஹாலுக்குள் வரட்டும்.