தேறாத சோகையும் கோதுமையும்

குமுளி மலைச்சாலையில் இறங்கி வருவோர்க்குக் கம்பம் பள்ளத்தாக்கு முதலில் ஒரு பச்சை விரிப்பாகத்தான் தோன்றும். நெல்வயல், வாழை, தென்னை, திராட்சைப் பந்தல் என்று கண்ணுக்கெட்டிய தொலைவுவரை பயிர்தான். 1895-இல் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் இப்பக்கம் திரும்பிய பின்னர், இங்கு நெல் விளைச்சல் பெருகியது. மானாவாரி நிலங்களில் சோளமும் கம்பும் கேழ்வரகும் விளைந்தன. இந்நிலத்துக்குப் பழக்கமில்லாத தானியம் கோதுமை. அவ்வாறிருக்க, கோதுமை ஒவ்வாமல் வருகின்ற ஒரு நோயைப் பற்றி இப்பகுதி மாணவர்களிடம் பேசுவானேன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கோதுமை விளையாத ஊர்களிலும் அது ரவையாகவும் ரொட்டியாகவும் பரோட்டாவாகவும் வந்து சேர்ந்துவிட்டது. அன்றியும், உங்களுள் சிலர் படிப்பையும் வேலையையும் நாடி வடநாடு செல்வீர்கள். அங்கே மூன்று வேளையும் சப்பாத்தி காத்திருக்கும்.

ஒரு கல்லூரி மாணவியை எண்ணிப் பாருங்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முகம் வெளுத்திருக்கிறது. வாயில் அடிக்கடி புண். இரத்தத்தைச் சோதித்துச் சோகை என்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். தவறாமல் விழுங்கியும் ஆறு மாதத்தில் தேறவில்லை. பின்னர் எலும்பு வலிக்கிறது என்றால் வைட்டமின் டி குறைவு என்கிறார்கள், அதற்கும் மாத்திரை. வயிற்றில் வலியோ கழிச்சலோ பெரிதாக இல்லாமையால், குற்றம் குடலில் இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. “சரியாகச் சாப்பிடுவதில்லை” என்று வீட்டார் கடிந்துகொள்வதோடு நின்றுவிடுகிறது. அவளோ சரியாகத்தான் சாப்பிடுகிறாள். உண்டது உடலில் சேரவில்லை.

உண்பது வேறு, உண்டதை உடல் ஏற்பது வேறு. ஏற்கும் வேலையைச் செய்வது சிறுகுடல். அதன் உட்சுவரில் குடலுறிஞ்சிகள் என்னும் நுண்ணிய விரல் போன்ற முளைகள் இலட்சக்கணக்கில் நெருங்கி நிற்கின்றன. சீலியாக் நோய் உள்ளவர் கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களை உண்டால், அவற்றிலுள்ள குளூட்டன் என்னும் பசைப்புரதத்தைப் பகையென்று கருதி உடலின் காப்புப்படை கிளர்ந்தெழுகிறது. அந்தப் போரில் அழிவது சொந்தக் குடலுறிஞ்சிகளே. அவை தேய்ந்து மழுங்கிச் சுவர் மொட்டையாகிறது. சேதம் பெரும்பாலும் சிறுகுடலின் முற்பகுதியில் மிகும். இரும்புச்சத்து உறிஞ்சப்படும் இடமும் அதுவே. அதை ஒட்டியே ஃபோலிக் அமிலமும் உறிஞ்சப்படுகிறது. வயிறு அமைதியாக இருக்கையிலேயே சோகை முந்திக்கொண்டு வருவதற்குக் காரணம் இதுதான். சிறுவர்களிடம் வளர்ச்சிக் குறைவாகவும், சிலரிடம் கை கால் மரமரப்பாகவும் இந்நோய் தலைகாட்டுவதுண்டு.

குற்றவாளி கோதுமைதான் என்று காட்டியவர் டச்சு நாட்டுக் குழந்தை மருத்துவர் டிக்கே. 1944–45 குளிர்காலத்தில், போரினால் அந்நாட்டில் ரொட்டி கிடைக்காத கொடும் பஞ்சம். ஊரெல்லாம் பட்டினியால் வாட, இந்நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினர். மீண்டும் ரொட்டி வந்ததும் நோயும் திரும்பியது. அதற்கு முன்னரே ஐயங்கொண்டிருந்த அவர், தம் முடிவை 1950-இல் ஆய்வேடாக வெளியிட்டார்.

நம் நாட்டில் நாட்பட்ட கழிச்சலைக் கிராணி என்று வைத்தியர்கள் வழங்கி வந்தனர். அந்தப் பெயருக்குள் பல நோய்கள் அடங்கியிருந்தன. அவற்றுள் ஒன்று வெப்பநாட்டு ஸ்ப்ரூ. 1960-களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் அது கொள்ளைநோய் போலப் பரவியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பேக்கரும் மாத்தனும் அதை ஊன்றி ஆராய்ந்தனர். அந்நோயிலும் குடலுறிஞ்சிகள் மழுங்கும், ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12-உம் குறையும், ஆள் உருக்குலைவார். ஆனால் அது கோதுமையால் வருவதன்று. அந்த வைட்டமின்களையும் டெட்ராசைக்ளின் மருந்தையும் கொடுத்தால் தேறும். தோற்றம் ஒன்றாயிருந்தும் வேர் வேறாயிருப்பதை மருத்துவர்கள் இதிலிருந்து நன்கு கண்டனர். இன்றும் தமிழ்நாட்டில் ஒருவருடைய குடலுறிஞ்சி மழுங்கியிருப்பதை மட்டும் கண்டு கோதுமைமேல் பழி போட்டுவிட முடியாது.

தென்னாட்டில் சீலியாக் நோய் உண்மையிலேயே அரிது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்டோரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடமும் தெற்கே 0.10 பேரிடமும் காணப்பட்டது. இந்நோய்க்கு இடந்தரும் மரபணுக்களோ இரு பகுதியிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன: வடக்கே நூற்றுக்கு 38, தெற்கே 36. வேறுபட்டது தட்டில் விழுந்த உணவு. நாளொன்றுக்கு வடக்கே 455 கிராம் கோதுமை. தெற்கே 25 கிராம். மரபணு உடையவர்களுள் மிகச் சிலருக்கே நோய் வரும் என்பது உண்மை. ஆயினும் விதை நம்மிடமும் இருக்கிறது; நம்மைக் காத்தது பெரும்பாலும் சோறுதான் என்றே நான் கருதுகிறேன். நம் உணவு மாறி வரும் வேகத்தைப் பார்த்தால் அந்தக் காவல் எத்தனை நாளைக்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

இதைக் கேட்டவுடன் ஒவ்வொரு சோகைக்கும் சீலியாக் என்று பெயரிட வேண்டாம். தமிழ்நாட்டுப் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர்க்குச் சோகை உண்டென்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. அதற்கு மாதவிடாய் இழப்பும், சத்துக் குறைந்த உணவும், வெறுங்காலோடு மண்ணில் வேலை செய்வோரைப் பற்றும் கொக்கிப்புழுவும் முதற்காரணங்கள். மேகமலையில் விளையும் தேயிலைக்கும் இதில் சிறு பங்குண்டு. உணவோடு தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து சரிவர ஏறாது. இவற்றையெல்லாம் பார்த்த பின்னரும் சோகை தேறவில்லையென்றால், சீலியாக் சோதனை செய்யலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடுவர். இருந்தால், குழாய் வழியே சிறுகுடலில் சிறு துணுக்கு எடுத்து உருப்பெருக்கியில் காண்பர். இங்கே ஓர் எச்சரிக்கை மிக முக்கியம். சோதனைக்கு முன்னரே தாமாகக் கோதுமையை நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் மறையத் தொடங்கும். குடலும் ஆறத் தொடங்கும். இருக்கும் நோயை இல்லை என்று சோதனை கூறிவிடும்.

நோய் உறுதிப்பட்டால், வாழ்நாள் முழுவதும் குளூட்டனை அறவே விலக்குவதுதான் மருத்துவம். உடன்பிறந்தாரும் பெற்றோரும் சோதித்துக்கொள்ள வேண்டும். இட்டிலி, தோசை, கம்பங்கூழ், கேழ்வரகுக் களி ஆகியவற்றால் தீங்கில்லை. இவ்வளவில் தமிழ் வீட்டுக்குத் தொல்லையில்லை என்று எண்ணிவிடக்கூடாது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு சேர்ந்திருக்கிறது. அது சாம்பாரிலும் இரசத்திலும் இறங்கிவிடும். ஆகவே உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்துத்தான் வாங்க வேண்டும். மாவு மில்லில் முந்தியவர் கோதுமை அரைத்துச் சென்றிருந்தால், அந்த மாவு இயந்திரத்தில் ஒட்டியிருந்து நம் கேழ்வரகோடு கலந்து வரும். அத்தகைய வீட்டார் தமக்கு வேண்டிய மாவை வீட்டிலேயே திரித்துக்கொள்வது நல்லது.