முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால் என்ன கிடைக்கும்?

"முன்னாடி ஸ்ப்ராக்கெட்ல ஒரு பல் கம்மி பண்ணிடுங்க சார், வண்டி சும்மா இழுக்கும்." பிக்கப் போதவில்லை என்று புலம்பினால் பல மெக்கானிக்குகள் சொல்லும் முதல் யோசனை இதுதான். செலவு குறைவு, ஒரு மணி நேர வேலை, பிடிக்கவில்லை என்றால் பழையதையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம். யோசனையில் தப்பில்லை. ஆனால் சென்னை டிராஃபிக்கில் படும் அவஸ்தைக்கு இது மருந்தா என்றால், கணக்கு வேறு மாதிரி பதில் சொல்கிறது.

முதலில் அடிப்படை. எஞ்சினின் சுழற்சி கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் தாண்டிக் கடைசியில் வெளியே வரும் இடம் முன் ஸ்ப்ராக்கெட். அங்கிருந்து செயின் வழியாகப் பின் சக்கரத்துக்குப் போகிறது. உதாரணத்துக்கு முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் வண்டிக்கு எத்தனை என்று எண்ணி, கீழே அந்த எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.) 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. முன்னது மூன்று சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று. முன்னால் 13 பல் போட்டால் இந்த விகிதம் 3.23 ஆகிறது. அதாவது எல்லா கியரிலும் பின் சக்கரத்தில் 7.7 சதவீதம் கூடுதல் இழுவை. அதே எஞ்சின் வேகத்தில் வண்டியின் வேகம் சுமார் 7 சதவீதம் குறையும். எஞ்சினின் குதிரைத்திறன் ஒரு துளிகூட ஏறவில்லை. கியர் சைக்கிளில் ஏற்றம் வந்தால் முன்னால் இருக்கும் சின்னச் சக்கரத்துக்குச் செயினை மாற்றுகிறோமே, அதே சங்கதிதான்.

இந்த 7.7 பெரிசா, சின்னதா? பொதுவாக நாலாவது கியருக்கும் அஞ்சாவதுக்கும் இடையே 15 முதல் 25 சதவீத வித்தியாசம் இருக்கும். ஆக ஒரு பல் என்பது மூன்றில் ஒரு பங்கு கியரிலிருந்து அரை கியர் வரை.

இப்போது டிராஃபிக்குக்கு வருவோம். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக லஸ், மந்தைவெளி, அடையாறு, பனகல் பார்க் பக்கமெல்லாம் தடுப்பு வைத்த பிறகு, பல நேரம் நடக்கிற வேகத்தில்தான் வண்டி நகர்கிறது. மணிக்கு 5 கி.மீ. என்று வையுங்கள். ஃபர்ஸ்ட் கியரில் கிளட்சை முழுசாக விட்டுவிட்டு, எஞ்சின் திணறாமல் போகக்கூடிய மிகக் குறைந்த வேகம் 10 கி.மீ. என்றால், 13 பல்லில் அது 9.3 ஆகும். தேவை 5. அப்போதும் ஹாஃப் கிளட்ச்தான். கிளட்ச் பிளேட்டின் நழுவல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இடது கை வலி அப்படியே இருக்கும்.

பலன் தெரிவது வேறு இடங்களில். ஸ்பீட் பிரேக்கர் தாண்டி செகண்ட் கியரிலேயே எடுக்கும்போது. பின்னால் ஆள் உட்கார்ந்திருக்க ஜெமினி மேம்பாலம் ஏறும்போது. முக்கியமாக மலையில். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் சரி, கொல்லிமலையின் 70-லும் சரி, ஃபர்ஸ்டில் எஞ்சின் அலறும், செகண்டில் திணறும். அந்த இடைவெளியில் செகண்டுக்குக் கிடைக்கும் ஏழெட்டு சதவீதம் நன்றாகவே தெரியும். இறங்கும்போது எஞ்சின் பிரேக்கிங்கும் அதே அளவு கூடும். நான் 13 பல்லுக்கு மாறியதே இதற்காகத்தான்.

சரி, இதற்கு என்ன விலை? முதலாவது, ஆர்.பி.எம். முன்பு 80 கி.மீ. வேகத்தில் எஞ்சின் 6,000 சுற்றியது என்றால் இப்போது சுமார் 6,460. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணிக்கணக்கில் போனால் சத்தம், அதிர்வு, பெட்ரோல் செலவு மூன்றும் கூடும். நகருக்குள் இது பிரச்சினையே இல்லை. 2023 நவம்பரில் சென்னை போக்குவரத்துக் காவல்துறை இருசக்கர வண்டிகளுக்கு வைத்த வரம்பு 50 கி.மீ.தானே.

இரண்டாவது விலையை யாரும் பேசுவதில்லை: செயின். முன் ஸ்ப்ராக்கெட் சின்னதானால், அதே முறுக்கு விசைக்குச் செயின் 7.7 சதவீதம் கூடுதல் இழுப்பைத் தாங்க வேண்டும். ஒவ்வொரு கண்ணியும் வளையும் கோணமும் 25.7 டிகிரியிலிருந்து 27.7 ஆகிறது. மேலும், ஸ்ப்ராக்கெட் என்பது உண்மையில் வட்டம் அல்ல. செயினுக்கு அது ஒரு பலகோணம். அதனால் ஸ்ப்ராக்கெட் சீராகச் சுற்றினாலும் செயினின் வேகம் ஏறி இறங்கும். 17 பல்லில் இந்த ஏற்ற இறக்கம் 1.7 சதவீதம், 14-ல் 2.5, 13-ல் 2.9, 12-ல் 3.4. ஒரு பல் குறைக்கலாம், இரண்டு வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். தவிர, சின்ன ஸ்ப்ராக்கெட்டில் செயின் ஸ்விங் ஆர்ம் ரப்பரில் அதிகமாக உரசும். ரப்பர் தேய்ந்திருந்தால் அடுத்தது உலோகம்தான்.

இதற்கு மாற்று, பின்னால் மூன்று பல் கூட்டுவது. 45-ஐ 14-ஆல் வகுத்தால் 3.21, ஏறத்தாழ அதே விகிதம். முன் ஸ்ப்ராக்கெட் மாறாததால் செயினின் இழுப்பு கூடாது. நீண்ட நாளைக்கு இதுதான் நல்லது. ஆனால் செலவு அதிகம், செயினும் நீளமாக வேண்டியிருக்கும். 13-க்கும் ஒரு நல்ல குணம் உண்டு. செயினில் கண்ணிகள் எப்போதும் இரட்டைப்படை. பல் ஒற்றைப்படையாக இருந்தால் ஒவ்வொரு பல்லும் உள் கண்ணியையும் வெளிக் கண்ணியையும் மாறி மாறிச் சந்திக்கும், தேய்மானம் சமமாகப் பரவும்.

ஸ்பீடோமீட்டரையும் பாருங்கள். முன் சக்கரத்திலிருந்து கேபிள் வரும் வண்டியில் ஒன்றும் மாறாது. கியர்பாக்ஸில் சென்சார் இருந்தால், நிஜமான 50-ஐ 54 என்று காட்டும். ஓடிய தூரமும் அப்படியே, 1,000 கி.மீ.க்கு 1,077. இதை வைத்து "மைலேஜ் ஏறிடுச்சு" என்று சந்தோஷப்பட வேண்டாம்!

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை: பெரும்பாலான நம்மூர் வண்டிகளில் இரண்டு சின்ன போல்ட்டும் ஒரு லாக் பிளேட்டும்தான் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்திருக்கும். செயின் மாட்டியிருக்கும்போதே, ஒருவர் பின் பிரேக்கை மிதிக்க, போல்ட்டைத் தளர்த்திவிடுங்கள். திரும்பப் போடும்போது லாக் பிளேட் சரியான பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது கழன்றால் ஓடும் வண்டியில் செயின் சுருண்டு பின் சக்கரம் லாக் ஆகலாம். அரை அங்குலப் பிட்ச் செயின் என்றால் பின் சக்கரத்தைச் சுமார் 3 மி.மீ. பின்னுக்குத் தள்ளினால் போதும், தொய்வு பழையபடி ஆகிவிடும். செயின் பழசு என்றால் புது ஸ்ப்ராக்கெட்டையும் சீக்கிரம் தின்றுவிடும், மொத்த செட்டாக மாற்றுவதே லாபம். பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்தில் இருந்தால் துருவும் சேர்ந்துகொள்ளும். கோவையின் ரோலான், அம்பத்தூரின் டயமண்ட் என்று நம் மாநிலத்துச் செயின்களே ஜி.பி. ரோடு கடைகளில் கிடைக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. முன்பு நன்றாக இழுத்த வண்டி இப்போது இழுக்கவில்லை என்றால் காரணம் ஸ்ப்ராக்கெட் அல்ல. அது முதல் நாளிலிருந்து அங்கேயேதான் இருக்கிறது. நழுவும் கிளட்ச், உரசும் பிரேக், காற்றில்லாத டயர், அடைத்த ஏர் ஃபில்டர், காய்ந்த செயின், இவற்றை முதலில் பாருங்கள். ஒரு பல்லைக் குறைத்து அந்தக் குறையை மூடிவிட்டால், எரிந்துகொண்டிருக்கும் கிளட்ச் பிளேட் இன்னும் சில மாதம் சத்தமில்லாமல் எரியும். எல்லாம் சரியாக இருந்து, மலையும் சுமையும்தான் பிரச்சினை என்றால், தாராளமாக 13 போடுங்கள். கழற்றிய 14-ஐ எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள், நெடுஞ்சாலைப் பயணத்துக்கு வேண்டியிருக்கும்.