கயிற்றுக்கும் காலாவதி உண்டு: மலை எல்லையில் ராணுவ வாகனங்களும் பாதுகாப்பு உபகரணங்களும் பராமரிக்கப்படுவது எப்படி?

பாலக்காடு: கேரள மாநிலம் மலம்புழா அருகே உள்ள குரும்பாச்சி மலையின் பாறைப் பிளவில் சிக்கி, 40 மணி நேரத்துக்கும் மேலாகத் தவித்த இளைஞர் ஒருவர் 2022 பிப்ரவரி 9 அன்று ராணுவத்தினரால் மீட்கப்பட்டார். முந்தைய நாள் கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் மேற்கொண்ட முயற்சி பலனளிக்கவில்லை. இறுதியில், உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கிய வீரர் ஒருவர் அந்த இளைஞரைத் தம்மோடு பிணைத்துக்கொள்ள, இருவரும் மேலே ஏற்றப்பட்டனர்.

தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைக் கண்டவர்கள் வீரரின் துணிவைப் பாராட்டினர். இரண்டு உயிர்களின் எடையைத் தாங்கிய கயிறும் இடுப்புப் பட்டையும் எப்போது தயாரிக்கப்பட்டவை, எங்கே வைக்கப்பட்டிருந்தவை என்ற கேள்வி அப்போது யாருக்கும் எழுந்திருக்காது. ஆனால், இத்தகைய மீட்புப் பணிகளின் வெற்றி பெருமளவு அந்தக் கேள்விக்கான விடையைச் சார்ந்தே அமைகிறது.

மலையேற்றக் கயிறுகளும் பட்டைகளும் பெரும்பாலும் நைலான் இழைகளால் ஆனவை. புற ஊதாக் கதிர், ஈரம், வெப்பம், உராய்வு ஆகிய அனைத்தும் இந்த இழைகளை மெல்ல வலுவிழக்கச் செய்கின்றன. இதனால், ஒருமுறைகூடப் பயன்படுத்தாத கயிறாக இருந்தாலும், தயாரிக்கப்பட்ட நாளிலிருந்து அதிகபட்சம் 10 ஆண்டுகளே ஆயுள் எனப் பல தயாரிப்பாளர்கள் வரையறுத்துள்ளனர். அடிக்கடி பயன்படுத்தினால் ஓராண்டுக்குள்ளேயே கழிக்க வேண்டிவரும். பலமான விழுகை ஒன்றைத் தாங்கிய கயிறு, அன்றே ஓய்வு பெறுகிறது. காரபைனர் போன்ற உலோகக் கொக்கிகளுக்கு இத்தகைய காலவரம்பு பொதுவாக இல்லை. தேய்மானம், துரு, விரிசல் ஆகியவையே அவற்றின் ஆயுளை முடிவு செய்கின்றன.

நைலானுக்கு மற்றொரு பகை, வாகனத்திலேயே இருக்கிறது. பேட்டரியில் உள்ள கந்தக அமிலத்தின் சில துளிகள், ஏன், அதன் ஆவிகூட, நைலான் இழைகளை அரித்துவிடும். பல நேரங்களில் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. நிறம் மாறாது, பிசிறும் வராது, எடை ஏறும்போது மட்டும் அறுந்துபோகும். கயிற்றுப் பையைப் பேட்டரிக்கு அருகிலோ, முன்பு பேட்டரி ஏற்றிச் சென்ற வாகனத் தளத்திலோ வைக்கக் கூடாது என்ற விதி இதனால்தான் கடைப்பிடிக்கப்படுகிறது. வாகனப் பராமரிப்பும் உபகரணப் பராமரிப்பும் தனித்தனிப் பதிவேடுகளில் எழுதப்பட்டாலும், இந்த இடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

குரும்பாச்சிக்கு வந்த குழுக்களில் ஒன்று, நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தைச் சேர்ந்தது. மற்றொரு குழு பெங்களூருவிலிருந்து விமானம் மூலம் சூலூர் விமானப்படைத் தளத்துக்கு வந்து, அங்கிருந்து சாலை வழியாக மலம்புழாவை அடைந்தது. வெலிங்டனிலிருந்து சமவெளிக்கு இறங்கும் குன்னூர் – மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கயிறு வேலையைத் தொடங்கும் முன்பே, பிரேக் தன் வேலையைச் செய்து முடித்திருக்க வேண்டும்.

ராணுவத்தின் ஸ்டாலியன் போன்ற கனரக லாரிகளில் காற்றழுத்த பிரேக்குகள் உள்ளன. காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் நீராகித் தொட்டியின் அடியில் தேங்குகிறது. அதை வடிக்காமல் விட்டால் வால்வுகள் துருப்பிடிக்கும். தொட்டியில் காற்றுக்கான இடமும் குறையும். பருவமழைக் காலத்தில் பாலக்காடு, இடுக்கி வட்டாரங்களில் இந்த நீர் விரைவாகவே சேரும். ஜிப்சி போன்ற சிறிய வாகனங்களின் சிக்கல் வேறு. அவற்றின் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட்-3 வகை ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அது 140 டிகிரி வரை இறங்கக்கூடும். நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால், ஓட்டுநர் மிதிக்கும் பெடல் தளத்தைத் தொடும், வண்டி நிற்காது.

டயர்களிலும் காலக்கெடு பொறிக்கப்பட்டுள்ளது. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். அதிகம் ஓடாத ராணுவ வாகனங்களில் பட்டன்கள் தேயாமலே ரப்பர் முதுமையடைந்து வெடிப்பு விடுவதால், ஓடிய தூரத்தை மட்டும் பார்ப்பது போதாது.

அன்றாடச் சோதனை ஓட்டுநரின் பொறுப்பு. அதற்கு மேற்பட்ட பழுதுகளை, 1943-இல் உருவான மின் மற்றும் இயந்திரப் பொறியாளர் படைப்பிரிவினர் கவனிக்கின்றனர்.

இடுக்கியில் இந்த ஆயத்தத்தின் தேவை 2020-இல் கடுமையாக உணரப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு ராஜமலை அருகே பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் நிலச்சரிவில் புதைந்து 70 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பெரியவரை பாலம் சேதமடைந்திருந்ததால், மீட்பு வாகனங்கள் சென்றுசேர்வதே பெரும்பாடானது. சாலை துண்டிக்கப்பட்ட இடத்தில் வாகனம் பழுதாகி நின்றால், பின்னால் வரும் அனைத்தும் நின்றுவிடும்.

குண்டு துளைக்காத கவச உடைகளிலும் இதே பாடம் உண்டு. அமெரிக்காவில் ஸைலான் என்னும் இழையால் ஆன உடை 2003-இல் காவலர் ஒருவரைக் காக்கத் தவறியது. வெப்பமும் ஈரமும் அந்த இழையைச் சிதைப்பது பின்னர் தெரியவந்ததால், 2005-இல் அத்தகைய உடைகளுக்கான அங்கீகாரம் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் கவச உடைகளுக்கு ஐ.எஸ். 17051 என்ற தரநிலை 2018-இல் வகுக்கப்பட்டது. எனினும், புதிய உடையின் தரச்சான்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரத்தில் சில ஆண்டுகள் கிடந்த உடைக்கு அப்படியே பொருந்திவிடாது.

தயாரிப்புத் தேதி கொண்ட லேபிள் அழிந்து, பதிவேட்டிலும் விவரம் இல்லாத இடுப்புப் பட்டை, பார்வைக்குப் புதிதாகத் தோன்றினாலும் நீக்கப்பட வேண்டும் என்பதே நடைமுறை. நீக்கப்பட்ட பட்டையும் கயிறும் கிடங்கில் போட்டு வைக்கப்படுவதில்லை; அவசரத்தில் யாரும் எடுத்துக் கட்டிவிடாதபடி துண்டுகளாக வெட்டப்படுகின்றன.