தாத்தாவைவிட இளைய ‘பழைய நகரம்’

இந்த எபிசோடில் நாம போகப்போறது போலந்தின் தலைநகரம் வார்சா. ஐரோப்பா டூர்னு சொன்னாலே பாரிஸ், ரோம், ப்ராக் என்றுதான் பட்டியல் போடுவோம். வார்சா பெரும்பாலும் அதில் வராது. உண்மையைச் சொல்லிடறேன், டிக்கெட் மலிவாகக் கிடைத்ததால்தான் நானும் போனேன்.

முதல் நாள் காலையிலேயே பழைய நகரத்துக்குப் போய்விட்டேன். கல் பாவிய தெரு, மஞ்சளும் செம்மண் நிறமுமாக ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள், சதுக்கத்தின் நடுவில் வாளும் கேடயமும் ஏந்திய கடற்கன்னி சிலை. ஒரு வீட்டு வாசலில் நின்று செல்ஃபி எடுத்து, ‘17-ம் நூற்றாண்டு வீடு!’ என்று போஸ்ட்டும் போட்டாச்சு.

கொஞ்ச நேரத்தில்தான் விஷயம் தெரிந்தது. அந்தச் சதுக்கத்தைத் திரும்பக் கட்டி முடித்தது 1953-ல். என் தாத்தா பிறந்தது 1948. ‘அடச்சே, சினிமா செட்டு மாதிரி ஏமாத்திட்டாங்களே’ன்னுதான் முதலில் தோன்றியது.

என்ன நடந்தது? 1944 ஆகஸ்ட் 1 அன்று நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்து வார்சா மக்கள் ஆயுதம் ஏந்தினார்கள். 63 நாள் சண்டை. கடைசியில் தோற்றார்கள். அதன்பிறகு ஜெர்மன் படை மக்களை வெளியேற்றிவிட்டு, மிச்சமிருந்த கட்டடங்களைத் தெருத்தெருவாகக் கொளுத்தியது, வெடிவைத்துத் தகர்த்தது. பழைய நகரப் பகுதியில் 85 சதவீதத்துக்கும் மேல் அழிந்துபோனது. அரண்மனைக்கு எதிரே உயரமான சிகிஸ்முண்ட் மன்னர் தூண் நிற்கும். 1944-ல் விழுந்த தூணின் துண்டுகள் இன்றும் அரண்மனைச் சுவரோரம் கிடக்கின்றன. நேரில் பார்த்தால் நெஞ்சு கனக்கும்.

சரி, ஒன்றுமே இல்லாத இடத்தில் எதைப் பார்த்துக் கட்டினார்கள்? இரண்டு விஷயங்கள் கைகொடுத்தன. ஒன்று, 18-ம் நூற்றாண்டில் அரசவை ஓவியராக இருந்த பெர்னார்டோ பெலோட்டோ வரைந்த தெருக் காட்சிகள். இன்னொன்று, போருக்கு முன்பே வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்கள் வீடு வீடாக அளந்து வரைந்த வரைபடங்கள். ஆக்கிரமிப்புக் காலத்தில் அவற்றை ஒளித்துவைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். இடிபாட்டுச் செங்கல்லையே பொறுக்கிக் கட்டினார்கள். போதாததற்கு வ்ரோட்ஸ்வாஃப் போன்ற ஊர்களிலிருந்தும் செங்கல் வந்தது. அரண்மனை எழுந்து முடிய 1984 ஆகிவிட்டது. அதற்கு முன்பே, 1980-ல், யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டது. திரும்பக் கட்டிய அந்த உழைப்புக்கே கிடைத்த அங்கீகாரம் அது.

ஆனா ஒண்ணு, அப்படியே நகலெடுத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. வீடுகளுக்குப் பின்னால் நெருக்கியடித்து இருந்த கட்டடங்களைப் பல இடங்களில் விட்டுவிட்டார்கள். முகப்பு பழசு, உள்ளே புது ஃபிளாட். ஊர் எப்படி நினைவில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்களோ, அப்படிக் கட்டிக்கொண்டார்கள்.

இதை யோசித்துக்கொண்டே மேற்கே இருபது நிமிடம் நடந்தேன். முரானூஃப் என்ற குடியிருப்புப் பகுதி வந்தது. 1940-ல் நாஜிகள் சுவர் எழுப்பி, நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ இருந்த இடம். பெரும்பாலானோரை 1942 கோடையில் ட்ரெப்ளிங்கா வதைமுகாமுக்கு அனுப்பிக் கொன்றார்கள். 1943 ஏப்ரலில் மிச்சமிருந்தவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். அதற்குப்பின் அந்தப் பகுதியையே தரைமட்டமாக்கினார்கள்.

இந்தத் தெருக்களை யாரும் பழையபடி கட்டவில்லை. சுவர் போன பாதையைக் காட்ட நடைபாதையில் ஆங்காங்கே ஓர் இரும்புப் பட்டை பதித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். புது அடுக்குமாடிகள் சில மேட்டில் நிற்கும், வாசலுக்குப் படியேறிப் போகணும். ஒரு பாட்டி காய்கறிப் பையோடு ஏறிக்கொண்டிருந்தார். அந்த மேடு இயற்கையான மேடு இல்லை, அள்ளாமல் விட்ட இடிபாடு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பழைய நகரத்தை ‘எங்க ஊரு’ன்னு திரும்பக் கேட்க ஆட்கள் இருந்தார்கள். இங்கே கேட்க வேண்டியவர்களில் பெரும்பாலானோர் உயிரோடு இல்லை.

அதனால நீங்க போனா, இந்த வரிசையில் பாருங்க. முதலில் அரண்மனைக்குள் பெலோட்டோவின் ஓவியங்கள். பிறகு அதே தெருக்களில் ஒரு நடை. மதியம் ‘பார் மிலெச்னி’ எனப்படும் மலிவு உணவகத்தில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த பியெரோகி, சைவக்காரர்களுக்கும் சரிப்படும். அங்கே யூரோ இல்லை, ஸ்வாட்டி மாற்றிக்கொள்ளுங்கள். சாயங்காலம் முரானூஃபும் அங்கிருக்கும் போலின் அருங்காட்சியகமும். பழைய நகரத்தோடு திரும்பிவிட்டால் பாதி ஊரைத்தான் பார்த்திருப்பீங்க.

என் போஸ்ட்டை நான் அழிக்கலை. கேப்ஷனை மட்டும் மாத்திட்டேன்: ‘17-ம் நூற்றாண்டு வீடு. கட்டியது 1953.’