சதுரங்கப் பலகையும் ஓர் இருபது இலக்க எண்ணும்

சதுரங்கத்தைக் கண்டறிந்த இந்திய அறிஞர் ஸிஸ்ஸா, முதல் கட்டத்திற்கு ஒரு கோதுமை மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என இரட்டித்துக்கொண்டே சென்று 64 கட்டங்களுக்கும் தருமாறு மன்னரிடம் கேட்ட கதையை அறியாதார் நம்மில் அரிது. டமாஸ்கஸின் தலைமைக் காழியாக விளங்கிய இப்னு கல்லிகான் (கி.பி. 1211 - 1282) தமது ‘வஃபயாத்துல் அஃயான்’ நூலில், சதுரங்க வல்லுநர் அபூபக்ர் அஸ்ஸூலியைப் பற்றி எழுதுமிடத்தில் இக்கதையைக் கூறுகிறார். கதையைவிட நம்மைக் கவர்வது வேறொரு செய்தி. தொகை இத்துணைப் பெரிதாகுமா என்று தாம் ஐயுற்றதையும், இஸ்கந்தரிய்யாவின் கணக்கர் ஒருவர் விளக்கிய பின்னரே தெளிந்ததையும் அவர் மறைக்காமல் எழுதியுள்ளார். இவ்வெண்ணைச் சொல்லி வியப்போர் இன்றும் பலர். காழியைப் போல் காரணம் கேட்போர் எத்தனை பேர்?

அவ்வெண் 18446744073709551615. கிராமுக்கு 25 மணிகள் எனக் கொண்டால் எடை ஏறத்தாழ 73,800 கோடி டன் ஆகும். உலகின் இன்றைய கோதுமை விளைச்சல் ஆண்டுக்குச் சுமார் 80 கோடி டன். எனவே, மன்னர் 900 ஆண்டுகளுக்கு மேல் அறுவடை செய்தாக வேண்டும்.

இப்னு கல்லிகானுக்கு இரு நூற்றாண்டுகள் முன்னரே அல்பிரூனி (கி.பி. 973 - 1048) ‘அல் ஆஸாருல் பாகியா’வில் இதைக் கணக்கிட்டுவிட்டார். 64 தொகைகளையும் எழுதிக் கூட்டும் உழைப்பை அவர் மேற்கொள்ளவில்லை. இரு விதிகளே அவருக்குப் போதுமாயின. ஒரு கட்டத்திலுள்ள தொகையிலிருந்து ஒன்றைக் கழித்தால், அதற்கு முந்திய கட்டங்கள் அனைத்தின் கூட்டுத்தொகை கிடைக்கும் என்பது ஒன்று. ஐந்தாம் கட்டத்தில் 16, முந்தியவை 1, 2, 4, 8, கூட்டினால் 15. ஒரு கட்டத்தின் தொகையைத் தன்னாலேயே பெருக்கினால், முதல் கட்டத்திலிருந்து அது எவ்வளவு தொலைவோ அவ்வளவு தொலைவு மேலும் தாண்டிய கட்டத்தின் தொகை வரும் என்பது மற்றொன்று. ஐந்தாம் கட்டத்தின் 16ஐப் பதினாறால் பெருக்க, ஒன்பதாம் கட்டத்தின் 256 வருகிறது. அதன் வர்க்கம் பதினேழாம் கட்டத்தின் 65536. அதன் வர்க்கம் முப்பத்து மூன்றாம் கட்டத்தின் 4294967296. இதனையும் ஒருமுறை வர்க்கமாக்கினால், பலகையில் இல்லாத அறுபத்தைந்தாம் கட்டத்தை அடைகிறோம். அதிலிருந்து ஒன்றைக் கழிக்க, பலகை முழுவதன் தொகை கைக்கு வந்துவிடுகிறது!

எண்ணின் பருமையை உணர்த்த அல்பிரூனி தரும் உவமை சுவையானது. மணிகளுக்குப் பதிலாகத் திர்ஹம்கள். பத்தாயிரம் திர்ஹம் ஒரு பை. எட்டுப் பை ஒரு கோவேறு கழுதைச் சுமை. பத்தாயிரம் கழுதைகள் ஒரு மந்தை. ஓர் ஓடைக்கு ஆயிரம் மந்தைகள். ஒரு மலைக்குப் பத்தாயிரம் ஓடைகள். இவ்வாறு 2305 மலைகள் வேண்டும். நாமும் வகுத்துப் பார்த்தோம், சரியாகவே வருகிறது.

இவ்வேணியின் படிகளே அவ்வெண்ணின் காரணிகளையும் காட்டித் தருகின்றன. ஒரு வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது, அதன் மூலத்தோடு ஒன்றைக் கூட்டியதும் கழித்ததுமான இரு எண்களின் பெருக்கல். இது பள்ளி மாணவரும் அறிந்தது. ஏணியில் படிப்படியாக இறங்கி இதனைப் பொருத்தினால், நம் எண் 3, 5, 17, 257, 65537, 4294967297 ஆகியவற்றின் பெருக்கலாகப் பிரிகிறது. மூன்றால் வகுபடுவதை உறுதிசெய்ய இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கலாம்: 87. ஒன்பதால் வகுபடாது என்பதும் அதனாலேயே தெரிகிறது.

இந்த ஆறும் பகா எண்களா? இவ்வகை எண்கள் யாவும் பகா எண்களே என 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ஃபெர்மா கருதினார். முதல் ஐந்தும் அவ்வாறே அமைந்தன. ஆறாவதை 1732இல் ஆய்லர் உடைத்தார்: 641ஐ 6700417ஆல் பெருக்கினால் 4294967297. ஆக, ஸிஸ்ஸா கேட்ட தொகையில் ஏழு பகாக் காரணிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரே முறை மட்டுமே வருகிறது. ஒவ்வொரு காரணியையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால், அதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் 128. இதுவும் இரண்டை இரட்டித்துக்கொண்டே சென்றால் வரும் எண்தான். பலகையில் எட்டாம் கட்டத்திலுள்ள தொகை.